நூலகத்தில் ஒரு வரைபட மேசை வேண்டும்

மும்பை, தில்லி, புனே, கொல்கத்தா என்று பல ஊர்களில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கம்ப்யூட்டரில்தான் போய் நிற்கும். அதில் தவறில்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் புரோகிராம் எழுதுவது ஒன்றுதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஊரையும் ஆற்றையும் தெருவையும் வீட்டையும் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கி, அதைக் கொண்டு கேள்வி கேட்டு விடை காணும் கலை ஒன்றும் இருக்கிறது. தமிழில் புவித் தகவல் முறை என்று சொல்லலாம். கல்லூரி வட்டாரத்தில் ஜி.ஐ.எஸ். என்றால்தான் புரியும். இந்தக் கலை புவியியல் துறையின் ஆய்வுக்கூடத்துக்குள் அடைந்து கிடக்கக் கூடாது. பல்கலைக்கழக நூலகத்தில் எல்லாத் துறை மாணவர்க்கும் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைக்கச் செய்வதில் பெற்றோராகிய நமக்கும் பங்கு உண்டு.

ஜி.ஐ.எஸ். என்ன செய்கிறது? கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். மும்பை வாசகர்கள் 2005 ஜூலை 26ஆம் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகரம், ஒரே நாள். ஆனால் மழை ஒன்றல்ல. இந்த மழையளவு ஒரு தாள். மித்தி ஆறு ஓடும் வழி இரண்டாவது தாள். நிலத்தின் மேடு பள்ளம் மூன்றாவது. மக்கள் நெருக்கம் நான்காவது. நான்கையும் அடுக்கினால், எந்தத் தெருவில் தண்ணீர் ஏன் நின்றது, அடுத்த முறை யாரை முதலில் அப்புறப்படுத்த வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தேடலாம். பக்கம் பக்கமாக அச்சிட்ட புள்ளிவிவரத்தில் இது எளிதில் கண்ணில் படாது.

இந்த முறைக்கு முன்னோடியாக அடிக்கடி சொல்லப்படுபவர் புவியியல் பேராசிரியர் அல்லர், ஒரு மருத்துவர். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே சாவுகள் நெருங்கி நின்றன. காலரா தண்ணீரால் பரவுகிறது என்ற அவருடைய கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. ஆக, வரைபடம் தேவைப்படுவது மருத்துவ மாணவருக்கும்தான். சமூகப் பணி, பொருளாதாரம், வரலாறு படிப்பவர்களுக்கும் தேவைதான். துறையின் ஆய்வுக்கூடம் பெரும்பாலும் அந்தத் துறை மாணவருக்கு மட்டுமே திறக்கும். எல்லாத் துறையினருக்கும் பொதுவான வாசல் நூலகம் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் 1992இலேயே ஜி.ஐ.எஸ். எழுத்தறிவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, நூலகர்களுக்குப் பயிற்சி கொடுக்க முற்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்கள் புத்தகமாக வராமல் குறுந்தகடாக வரத் தொடங்கிய காலம் அது. தகடு வந்து அலமாரியில் இருந்தால் மட்டும் போதுமா? அதைத் திறந்து காட்ட ஒருவர் வேண்டாமா? அந்தக் கேள்விதான் நூலகத்தை வரைபடத்தின் பக்கம் திருப்பியது.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதல்ல. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல் இருப்பது பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பதும், நூலகம் காலத்தோடு வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடங்கியவை. அவரும் நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்தாம். காசியிலும் தில்லியிலும் பின்னர் பெங்களூரிலும் பணியாற்றினார். நூலுக்கு அவர் சொன்னது வரைபடத்துக்கும் பொருந்தாதா?

மூன்று தடைகள் சொல்வார்கள். முதலாவது, மென்பொருளின் விலை. 2002இல் தொடங்கப்பட்ட கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். சாதாரண மடிக்கணினியிலேயே இயங்கும். இரண்டாவது, வரைபடத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு. ஒரு காலத்தில் இது நியாயமான அச்சம். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று தாள்களைப் பிரித்தது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள், இந்தியர்கள் வரைபடத் தகவலைத் திரட்டவும் பயன்படுத்தவும் முன் அனுமதி தேவையில்லை என்று பெருமளவுக்குத் தளர்த்திவிட்டன. மூன்றாவது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பது. இதுதான் உண்மையான தடை. ஆனால் டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. ஒரு நூலகர் பயின்று வந்தால் போதும். ஆண்டுக்கு நூறு மாணவர்க்கு வழிகாட்டலாம்.

நூலகத்தில் தொடங்கும் மாணவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் மென்பொருளைத் திறக்காமல், கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். 'எங்கள் வார்டில் எந்தக் குடியிருப்பு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது?' என்பதுபோல் அது சிறியதாக இருக்கட்டும். பிறகு அடிப்படைத் தகவல். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவுத் தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்து வரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்கள் கிடைக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, பழைய தாளும் புதிய படமும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாமல் விலகி நிற்கும். பழைய இந்தியத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் வகுத்த கணக்கைக் கொண்டவை. புதியவை உலகப் பொதுக் கணக்கைக் கொண்டவை. மென்பொருளில் எது எந்தக் கணக்கு என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும். மற்றொன்று, ஊர்ப் பெயரை வைத்து அட்டவணையையும் வரைபடத்தையும் இணைப்பது. ஒரே ஊரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். பாதி ஊர்கள் விட்டுப்போகும். கணக்கெடுப்புத் துறை ஒவ்வோர் ஊருக்கும் கொடுத்திருக்கும் எண்ணைக் கொண்டு இணைக்க வேண்டும். இவற்றைத் தானே கண்டுபிடிக்க ஒரு மாணவருக்கு வாரக்கணக்கில் ஆகலாம். பக்கத்தில் ஒரு நூலகர் இருந்தால் பத்து நிமிடம். நூலகம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். வேலைவாய்ப்பு இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களின் தலைமுறைகள் வாழும் தாராவியில், மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓர் எண், ட்ரோன் படம், லேசர் அளவீடு. எந்த ஆண்டுக்கு முன் குடியிருந்தார், தரைத்தளமா மாடியா என்பதைப் பொறுத்து ஒருவருக்கு எங்கே, எப்படி வீடு என்பது அமைகிறது. அதாவது, ஒரு குடும்பத்தின் எதிர்காலம் வரைபடத்தில் ஒரு கட்டமாகவும் அட்டவணையில் ஒரு வரியாகவும் நிற்கிறது. அந்தக் கட்டம் சரியா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு சந்திலும் ஒருவராவது இருக்க வேண்டாமா? திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அந்த விவாதத்தில் பேசுவதற்கே வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். திரையில் வண்ணமாகத் தெரிவதெல்லாம் உண்மையாகிவிடாது. குடிசைகள் நிறைந்த இடம் வெற்றிடமாகக் காட்டப்பட்டிருக்கலாம். மூடிய சாக்கடை ஓடும் வாய்க்காலாக வரையப்பட்டிருக்கலாம். கம்ப்யூட்டரில் பார்த்ததைக் காலால் நடந்து சரிபார்க்காதவர் செய்த வரைபடத்தை நம்பக் கூடாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குப் போகும் உங்கள் மகனோ மகளோ நூலகரிடம் போய், 'வரைபடம் செய்ய இங்கே வசதி உண்டா?' என்று ஒரு முறை கேட்கட்டும். இல்லை என்றால் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கட்டும். கேட்பவர் இல்லாததால்தான் பல வசதிகள் வராமலே போகின்றன. நம் சங்க நூலகத்திலும் ஞாயிறு காலையில் இரண்டு கம்ப்யூட்டர்களை இதற்கென ஒதுக்கலாம். நாம் குடியிருக்கும் பேட்டையையே முதல் வரைபடமாகப் பிள்ளைகள் வரையட்டும். அதில் விட்டுப்போன சந்துகளைச் சொல்லித் திருத்தப் பெரியவர்கள் நாம் இருக்கிறோம்.