பார்சலை வாங்கிக்கொண்டு "வரவில்லை" என்பதா?

கடைக்குள் புகுந்து ஒரு சேலையைச் சுருட்டிக்கொண்டு ஓடினால் அதற்குப் பெயர் திருட்டு. கூட்டம் துரத்தும். பிடித்து போலீசில் ஒப்படைக்கும்.

அதே சேலையை செல்போனில் ஆர்டர் செய்து, வீட்டு வாசலில் வாங்கி பீரோவில் பூட்டிவிட்டு, "பார்சல் வரவே இல்லை" என்று ஒரு பட்டனைத் தட்டினால்?

அதற்குப் பெயர் "கஸ்டமர் புகார்"! துரத்த ஆள் கிடையாது. "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மன்னிப்பும் கேட்டு, பல நேரம் பணத்தையும் திருப்பிக் கொடுத்து விடுகிறார்கள்.

சேலையும் வீட்டில். பணமும் பாங்கியில். இது என்ன நியாயம்?

யார் வீட்டுப் பணம்?

"பெரிய கம்பெனிதானே! கோடி கோடியாகச் சம்பாதிக்கிறான். ஒரு சேலையில் அவன் ஏழையாகி விடுவானா?" என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. தப்புக் கணக்கு!

வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைக் கம்பெனிகள் சொந்தமாகச் சரக்கு வைத்துக்கொண்டு நம் ஊர் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அவர்கள் நடுவில் நிற்கிற தரகர்கள். சரக்கு வேறொருவருடையது.

யார் அந்த வேறொருவர்? சவுகார்பேட்டையில் ஒண்டுக் கடை வைத்திருப்பவர். திருப்பூரில் பனியன் தைத்து விற்பவர். ஈரோட்டில் ஜவுளி வியாபாரி. வீட்டு வேலை முடித்துவிட்டு கவரிங் நகை, ஊறுகாய், பொடி வகைகளைப் பெட்டி கட்டி அனுப்புகிற குடும்பப் பெண்கள். "வரவில்லை" என்ற புகார் வந்தால் பல நேரம் பணம் பிடிபடுவது இவர்கள் கணக்கில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலை விலை ரூ.600. வாங்கிய விலை, கமிஷன், கூரியர் செலவு எல்லாம் போக விற்பவருக்கு மிச்சம் ரூ.60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆசாமி நாமம் போட்டால், கையை விட்டுப் போவது ரூ.540. அந்த ஓட்டையை அடைக்க இன்னும் 9 சேலை விற்க வேண்டும். அந்த ஒன்பதிலும் லாபம் ஒரு பைசா கிடையாது. ஒன்பது பெட்டி சும்மா கட்டியது போலத்தான்!

கில்லாடிகளின் கைவரிசை

இதில் பலவிதம் உண்டு. வாங்கிவிட்டு "வரவில்லை" என்பது ஒன்று. பெட்டி வந்தது, உள்ளே ஒன்றுமில்லை என்பது இரண்டாவது. புதுச் சேலையை எடுத்துக்கொண்டு பழைய சேலையை மடித்துத் திருப்பி அனுப்புவது மூன்றாவது. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் "கலர் பிடிக்கலை" என்று திருப்புவது நாலாவது. சென்ட் வாசனையும் சாம்பார்க் கறையும் சேலையோடு சேர்ந்தே வரும்!

இதைத் தொழிலாகவே செய்கிறவர்களும் உண்டு. 2017-ல் டெல்லி போலீசார் 21 வயது வாலிபர் ஒருவரைக் கைது செய்தார்கள். அமேசானில் 166 விலை உயர்ந்த செல்போன்களை ஆர்டர் செய்து வாங்கி, "காலிப் பெட்டிதான் வந்தது" என்று ஒவ்வொன்றுக்கும் பணத்தைத் திருப்பி வாங்கினார் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. தொகை சுமார் ரூ.50 லட்சம் என்றார்கள்.

உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், ஒண்டுக் கடைக்காரர் எம்மாத்திரம்?

அன்று செங்கல், இன்று காலிப் பெட்டி

தபால் இலாகாவில் வி.பி.பி. என்று ஒரு முறை இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1877-ல் வந்தது. தபால்காரர் பார்சலோடு வருவார். பணத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் பார்சல் கைக்கு வரும். வாங்க மறுத்தால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். "வரவில்லை" என்று சாதிக்க அங்கே வழியே இல்லை.

அதிலும் மோசடி நடந்தது. ஆனால் அப்போது ஏமாற்றியது விற்கிற ஆசாமி! ரேடியோ என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டிப் பிரித்தால், உள்ளே செங்கல் சிரிக்கும். வாங்குபவருக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு 2019-ல் புதுச் சட்டம். 2020-ல் ஆன்லைன் வியாபாரத்துக்கென்று தனி விதிகள். பொருள் பழுதாகவோ போலியாகவோ சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது.

நல்ல சட்டம். வேண்டிய சட்டம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாங்குபவர் பொய் சொன்னால் விற்பவர் எங்கே போவார்? நுகர்வோர் கோர்ட்டில் வாங்கியவர் மேல் வழக்குப் போட விற்றவருக்கு இடமில்லை. அது வாங்குபவருக்காக ஏற்பட்ட கோர்ட்டு!

எல்லோரும் பொய்யர்களா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது அநியாயம்.

உண்மையிலேயே பார்சல் காணாமல் போகிறது. "டெலிவரி ஆகிவிட்டது" என்று செல்போனில் தகவல் வரும். வாசலில் ஒன்றும் இருக்காது. மூன்றாவது மாடிப் பார்சல் இரண்டாவது மாடியில் போய் உட்கார்ந்திருக்கும். வாட்ச்மேன் மேஜைக்கு அடியில் நாலு நாள் தூங்கும். வழியிலேயே அபேஸ் ஆவதும் உண்டு. புகார் கொடுக்க இவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

பொய்ப் புகார்களால் முதலில் அடிபடுவதும் இவர்கள்தான். பத்துப் பேர் கதை விட்டால், பதினோராவது ஆள் உண்மையைச் சொன்னாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

இன்னொருவரும் அடிபடுகிறார். வெயிலிலும் மழையிலும் பையைச் சுமந்துகொண்டு படி ஏறுகிற டெலிவரி தம்பி. "நான் கையில் கொடுத்தேன் சார்" என்பார். "எனக்கு வரலையே" என்பார் வாங்கியவர். பெரிய மனிதர் பேச்சு எடுபடும். தம்பியின் வேலைக்கு ஆபத்து!

என்ன செய்யலாம்?

வழி இல்லாமல் இல்லை. பார்சலைக் கொடுக்கும்போது ஓ.டி.பி. எண் கேட்டு வாங்கட்டும். எண் சொன்னால்தான் பார்சல். இது பழைய கையெழுத்தின் புது அவதாரம். தபால் இலாகாவே 2025 அக்டோபர் முதல் ஸ்பீடு போஸ்டில் இந்த வசதியைக் கொண்டு வந்தது. கூடுதல் கட்டணம் பார்சலுக்கு ரூ.5, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று அறிவித்தார்கள். அஞ்சு ரூபாயில் ஐந்நூறு ரூபாயைக் காப்பாற்றலாம்!

"காலிப் பெட்டி" கதைக்கு ஓ.டி.பி. மட்டும் போதாது. விலை உயர்ந்த பொருளை வாசலிலேயே, இருவர் கண் முன்னாலும் பிரித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆகட்டும். அந்த ஐந்து நிமிடத்துக்கும் டெலிவரி தம்பிக்குக் கூலி கொடுக்கட்டும்.

விற்பவர்களும் சும்மா இருக்கக்கூடாது. பெட்டி கட்டுவதை முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள். எடை போட்ட சீட்டை எறியாதீர்கள். அனுப்பும்போது இருந்த எடைதான் வாசலுக்குப் போகும் வரையும் இருந்தது என்றால், "காலி" என்ற கதையின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஏமாற்றிப் பொருளை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் குற்றம். 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. பழைய "420" தான் இப்போது 318!

கூரியர்காரர் தொலைத்துவிட்டுக் கையை விரித்தால், பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்பவர் அவர் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்று விசாரித்துப் பார்க்கலாம். ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கோர்ட்டுக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், ஆன்லைன் கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் கணக்கில் கை வைக்கும் முன்பு அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். யார் வாங்கினார், எந்த நேரத்தில், எந்த ஓ.டி.பி. என்று காட்டுங்கள். மாதம் மூன்று தரம் "வரவில்லை" என்கிற ஆசாமி யார் என்பது உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா என்ன? தாராளம் காட்ட ஆசை இருந்தால் சொந்தப் பணத்தில் காட்டுங்கள். அடுத்தவர் பெட்டியைத் திறந்து தர்மம் செய்வது தர்மம் ஆகாது!

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. பார்சல் வரவில்லையா? முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வாட்ச்மேனைக் கேளுங்கள். அப்படியும் இல்லையென்றால் தாராளமாகப் புகார் பட்டனைத் தட்டுங்கள். அது உங்கள் உரிமை.

பொருள் பீரோவில் இருக்கிறதா? பட்டனில் இருந்து கையை எடுங்கள். அது திருட்டு!