மாணவருக்கு டி.சி. கொடுத்தாச்சு... அவரோட ஸ்கூல் அக்கவுன்ட்டுக்கு?

ஆபீஸில் ரிசைன் பண்ணினால் என்ன நடக்கும்? கடைசி நாள் மாலை லேப்டாப்பையும் ஐ.டி. கார்டையும் ஒப்படைக்க வேண்டும். பல கம்பெனிகளில், வீடு போய்ச் சேர்வதற்குள் ஆபீஸ் மெயில் லாகின் ஆகாது.

பள்ளிகளில் கதையே வேறு. பிளஸ் டூ முடித்த மாணவர் டி.சி. வாங்கி, காலேஜில் சேர்ந்து, முதல் செமஸ்டரும் எழுதியிருப்பார். ஆனால் பள்ளி கொடுத்த மெயில் ஐ.டி. இன்னும் ஜோராக வேலை செய்யும். வேறு பள்ளிக்குப் போய்விட்ட டீச்சரின் அக்கவுன்ட்டும் அப்படியே திறந்து கிடக்கும்.

2020 ஊரடங்கில் பல பள்ளிகள் அவசர அவசரமாக கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறின. ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான அக்கவுன்ட்டுகளைத் தொடங்கிய பள்ளிகளும் உண்டு. அன்றைக்கு அது பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் தொடங்கும் வேகத்தில் பாதிகூட மூடுவதில் இல்லை.

அப்படியே விட்டால் என்ன?

'யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். கூகுளின் இலவசக் கல்விப் பதிப்பிலேயே ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் இடம் கிடைக்கிறது. ஒரு சாதாரணப் பள்ளி அதை நிரப்புவது கஷ்டம். பழைய அக்கவுன்ட்டுகள் கண்ணை உறுத்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பிரச்னை இடம் அல்ல, அனுமதி. வேலையை விட்டுப் போன ஆசிரியரின் அக்கவுன்ட் திறந்திருந்தால், அவருடைய வகுப்புகளில் இருந்த பிள்ளைகளின் பெயர், மெயில் ஐ.டி., அவர்கள் அனுப்பிய வீட்டுப்பாடம், போட்டோ, வீடியோ எல்லாம் அவருக்கு இன்னும் தெரியும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய பாஸ்வேர்டு வேறு யார் கையிலாவது சிக்கினால்? பிறந்த தேதியோ, பள்ளிப் பெயரோடு 123-ஐச் சேர்த்ததோதான் பாஸ்வேர்டு என்றால், சிக்குவதற்குப் பெரிய ஹேக்கர்கூடத் தேவையில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கும் தொல்லைதான். எட்டாம் வகுப்பு மாணவி கிளாஸ்ரூமைத் திறந்தால் ஆறாம் வகுப்பு கணக்கு, ஏழாம் வகுப்பு கணக்கு, எட்டாம் வகுப்பு கணக்கு என மூன்றும் வரிசையாக நிற்கும். வீட்டுப்பாடத்தைத் தவறான வகுப்பில் போட்டுவிட்டு, 'நான் அனுப்பிட்டேன் மிஸ்' என்று அவர் நிற்பதும், 'எனக்கு வரவே இல்லையே' என்று டீச்சர் சொல்வதும் இப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே. அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பது அதன் அடிப்படை. எந்த நோக்கத்துக்காகத் தகவல் வாங்கப்பட்டதோ, அது முடிந்துவிட்டால் தகவலை அழிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை மட்டும் விதிவிலக்கு. பள்ளியை விட்டுப் போன பிள்ளையின் வீட்டுப்பாட வீடியோவைக் காலவரையின்றி வைத்திருப்பதற்கு எந்தப் பள்ளியாலும் நல்ல காரணம் சொல்ல முடியாது.

சரி, என்னதான் செய்யணும்?

பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. வரிசை தவறாமல் செய்தால் போதும்.

• ஏப்ரலில் வகுப்புகளை ஆர்கைவ் செய்ய வேண்டும். ஆர்கைவ் ஆன வகுப்பை மாணவர்கள் பார்க்கலாம், புதிதாக எதுவும் போட முடியாது. தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரலாம். டெலீட் செய்தால் போனது போனதுதான்.

• ஆசிரியர் போவதற்கு முன் வகுப்பின் உரிமையை மாற்ற வேண்டும். டிரைவில் இருக்கும் பாடக் குறிப்புகளையும் சேர்த்துத்தான். அக்கவுன்ட்டை அழித்த பிறகு யோசித்தால், திரும்ப மீட்க 20 நாள் அவகாசம்தான் உண்டு.

• பிளஸ் டூ மாணவர்களுக்குக் கெடு சொல்ல வேண்டும். புராஜெக்ட், சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் சொந்த ஜிமெயிலுக்கு நகலெடுக்கும் வசதி இருக்கிறது. பள்ளி அட்மின் அதை அனுமதித்திருக்க வேண்டும். அதன்பின் அக்கவுன்ட்டை முதலில் முடக்கி, சில வாரம் கழித்து அழிக்கலாம். முடக்கினால் லாகின் ஆகாது, தகவல் பத்திரமாக இருக்கும்.

• மாணவர் குழுக்களுக்கு வகுப்பின் பெயர் வேண்டாம், வெளியேறும் ஆண்டு போதும். 2026 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்பவர் 2033-ல் பிளஸ் டூ முடிப்பார். குழுவின் பெயர் '2033' என்றால் ஏழு வருடமும் தொட வேண்டியதில்லை. '6-ஏ' என்று வைத்தால் ஒவ்வொரு ஜூனிலும் மாற்றணும்.

• புதியவர்களை சி.எஸ்.வி. பட்டியலாக மொத்தமாக ஏற்றலாம். முதல் லாகினிலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் வசதியையும் தேர்வு செய்ய வேண்டும். எந்தக் குழுவில் விழுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் தவறி விழுந்த ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பெரியவர்களுக்கான செட்டிங் வந்துவிடும்.

'செய்ய ஆள் இல்லையே?'

நியாயமான கேள்வி. பெரும்பாலான பள்ளிகளில் இது கம்ப்யூட்டர் டீச்சரின் தலையில்தான் விழுகிறது. ஜூன் மாதம் அவருக்கு வகுப்பு, அட்மிஷன், எமிஸ் பதிவேற்றம், பிரின்டர் ரிப்பேர் எல்லாமே உண்டு. அக்கவுன்ட் வேலை கடைசியில் நிற்கும். அவர் மீது குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. இதை ஒரு 'கம்ப்யூட்டர் வேலை' என்று நினைக்கும் நிர்வாகத்தின் மீதுதான் குற்றம்.

இது உண்மையில் பதிவேட்டு வேலை. வருகைப் பதிவேட்டில் பெயர் அடிப்பதை யாரும் மறப்பதில்லை. டி.சி. நம்பர் போடாமல் ஆபீஸ் ரூமில் ஃபைல் நகராது. அதே மேஜையில், அதே நாளில் ஆன்லைன் அக்கவுன்ட்டுக்கும் ஒரு கட்டம் வைத்து டிக் அடித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ஏப்ரலில் இரண்டு நாள், ஜூனில் இரண்டு நாள் வகுப்பில்லாத நேரம் ஒதுக்கினால் போதும்.

அட்மின் பாஸ்வேர்டு ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கவும் கூடாது. அவர் வேலையை விட்டுப் போனால் மொத்தப் பள்ளியும் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும். தலைமையாசிரியர் உட்பட இரண்டு பேரிடமாவது அந்தச் சாவி இருக்கணும்.

பெற்றோர் கேட்க வேண்டியது

ஃபீஸ் ரசீது, யூனிஃபார்ம் அளவு, வேன் ஸ்டாப் என்று ஜூனில் பெற்றோர் கேட்கும் கேள்விகள் ஏராளம். கூடவே இரண்டு சேரட்டும். 'என் பிள்ளையின் அக்கவுன்ட்டை யாரெல்லாம் பார்க்கலாம்? பள்ளி மாறினால் எத்தனை நாளில் அழிப்பீங்க?'

இதற்கு உடனே பதில் சொல்லும் பள்ளி, பிள்ளையின் பாதுகாப்பைக் கேட்டுக்குள் மட்டுமல்ல, ஸ்கிரீனுக்குள்ளும் யோசித்திருக்கிறது என்று அர்த்தம். பதில் வரவில்லை என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மறுபடி கேட்கலாம்.