மீண்டும் முதல் படி

அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட இன்டர்நெட் விளையாட்டு 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. அதில் அப்போது உச்ச நிலை 60. அதை எட்டப் பலருக்கு மாதக் கணக்கில் ஆனது. அரக்கர்களைக் கொன்று, கொடுத்த பணிகளை முடித்து, புள்ளி சேர்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தும்போது தங்கள் வீரனைச் சத்திரத்தில் விட்டுச் செல்வார்கள். ஓய்வெடுத்து எழுந்தவனுக்கு, கொல்லும் எதிரிக்கு இரட்டைப் புள்ளி! புதிய பாகம் வரும்முன் பணிகளை முடித்துவிட்டு, பரிசைப் பெறாமல் காத்திருந்து, வெளியான அன்று மொத்தமாகப் பெற்று முந்தியவர்களும் உண்டு.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்க வைத்தது நிறுவனமே. 2014-ல், 60 டாலர் கொடுத்தால் நேரே 90-வது நிலைக்குத் தாவலாம் என்று கடை விரித்தது. 2018-ல் உச்சம் 120 ஆனது. புதிதாக வருபவர்கள் மலைத்துப்போவார்களே! 2020 அக்டோபரில் 120-ல் நின்றவர்கள் அனைவரும் 50-க்கு இறக்கப்பட்டார்கள். எதிரிகளின் பலமும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டதால் நஷ்டம் எண்ணில் மட்டும்தான் என்பது சமாதானம்.

ஆனால், ஏறிய வழியை ஆடியவர்கள் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில், தாவும் வசதியில்லாத பழைய ஆட்டத்தை நிறுவனம் மீண்டும் திறந்தது. உள்ளே நுழைய மணிக்கணக்கில் வரிசை. எல்லோரும் நின்றது முதல் நிலையிலிருந்து தொடங்கத்தான்.