சாவியை வாங்கியவர் யார்?

டாக்சி ஓட்டும் தோழர் வண்டியைச் சர்வீசுக்கு விடுகிறார். மாலையில் எடுக்கப் போனால் ஸ்டெப்னி இல்லை, ஜாக்கியைக் காணோம். கேட்டால், சுவரில் தொங்கும் பலகையைக் காட்டுகிறார் முதலாளி: "உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல!"

சாவியை வாங்கும்போது விரிந்த முகம், பொருள் போனபின் சுருங்குவானேன் என்று கேட்கிறோம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவு என்ன சொல்கிறது? விவேகமுள்ள சாதாரண மனிதர் தம் பொருளை எப்படிக் காப்பாரோ, அப்படியே ஒப்படைத்த பொருளையும் காக்க வேண்டும் என்கிறது. பலகை மாட்டினால் சட்டம் பறந்துவிடுமா?

இன்னொரு கொடுமை! பொருள் போனதும் சந்தேகம் விழுவது கிரீஸ் படிந்த கையின் மீதே. பையைச் சோதி, கூலியைப் பிடி! பூட்டும் காவலும் வைக்காதவரோ நல்லவர்! தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் இழப்பைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது, 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் அன்றே வகுத்த நெறி.

தோழர்களே! வண்டியை விடும்போதே உள்ளிருக்கும் பொருள்களை ஜாப் கார்டில் எழுதி ஒப்பம் வாங்குங்கள். பணத்தையும் நகையையும் உள்ளே விடாதீர்கள். களவு போனால் எழுத்து மூலம் கேளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால், இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

எடுபிடிச் சிறுவனின் சட்டையைப் பிடிக்காதீர்கள். சாவியை வாங்கியவரிடம் கணக்குக் கேளுங்கள்!