சீசனுக்கு வருகிற பஸ் நம் பிள்ளைகளுக்கு வராதா?



நோர்வூட் சந்தியில் இப்போது ஒரே பேச்சுதான்: "ரோட்டை அகலமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." கடைக்கார நானாவும் சொல்கிறார், த்ரீவீல் தம்பிமாரும் சொல்கிறார்கள், தேர்தல் வந்தால் மேடை ஏறுகிறவரும் சொல்கிறார். தினமும் இந்த ரோட்டில் பாடசாலைக்குப் போய் வருகிற ஆசிரியர்கள் நாங்கள். சரியாகாது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

முதலில், எங்கே அகலமாக்குவது? ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கெஹெல்கமு ஓயா. நடுவில் நம் கடைகள், கொஞ்சம் தள்ளிப் போனால் லயங்கள். மலையை வெட்டினால் அடுத்த மழைக்கு மண் இறங்கும். கடையை உடைத்தால் நஷ்டஈட்டுக்கு யார் யார் காலில் விழ வேண்டும் என்று நமக்குத் தெரியாததா?

இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தின் கேட்டி பெருந்தெருவை 2008இல் அகலமாக்கி முடித்தார்கள். பக்க வீதிகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். அப்படியிருந்தும் 2011க்கும் 2014க்கும் இடையில் நெரிசல் நேரப் பயணம் காலையில் 30 சதவீதமும் மாலையில் 50 சதவீதத்துக்கு மேலும் கூடியது. இடம் கிடைத்தால் வாகனம் வந்து நிரப்பிக்கொள்ளும். இங்கேயும் 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்துவிட்டது.

கொழும்புக்காரர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. மாலபேயிலிருந்து கோட்டை வரை இலகு ரயில். 2019இல் ஜப்பானின் ஜைக்காவோடு கடன் ஒப்பந்தமும் ஆயிற்று. 2020 செப்டம்பரில் செலவு அதிகம் என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். மாலபே ரோட்டில் காலை நேரத்தில் மாட்டிக்கொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எது செலவு என்று சொல்வார்கள்.

நமக்கு இலகு ரயில் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு போதும். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர். அதே ஐம்பது பேர் மூன்று மூன்று பேராக த்ரீவீலில் போனால் பதினேழு த்ரீவீல். சந்தியில் எது இடத்தை அடைக்கிறது? த்ரீவீல் தம்பிமார் கோபிக்க வேண்டாம். பஸ் வராததால்தான் உங்களைத் தேடி வருகிறோம், அந்த வாடகை கொழுந்து பறிக்கிற தாயின் ஒரு நாள் சம்பளத்தில் எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரியும்.

பஸ் இல்லை, ஆள் இல்லை, டீசலுக்குக் காசில்லை என்பார்கள். அப்படியானால் இதற்குப் பதில் சொல்லட்டும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை பாவா ஆதம் மலை சீசன். அந்த மாதங்களில் ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும்போது நல்லதண்ணிக்கு விசேட பஸ் தயாராக நிற்கிறது. நடுச்சாமத்திலும் நிற்கிறது. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக, இதே ஒடுங்கிய ரோட்டில்தான் போகிறது. யாத்திரிகர்களுக்கு அது கிடைப்பதில் எங்களுக்குச் சந்தோஷமே. ஆனால் வெசாக் முடிந்த பிறகு, ஜூன் மாத மழையில், காலை ஆறரைக்குச் சீசன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு ஏன் அது வராது? தனியார் பஸ் சீட் நிறையும் வரை நகராது; சீசன் டிக்கெட்டைக் கண்டால் நிற்கவும் நிற்காது. முதல் பாடம் முடிந்த பிறகு நனைந்த சப்பாத்தோடு வகுப்புக்குள் வருகிற பிள்ளையை "ஏன் லேட்?" என்று கேட்க எங்களுக்கு வாய் வருவதில்லை.

குழியை மூடுங்கள், கானைத் துப்புரவாக்குங்கள், வளைவுகளில் பாதுகாப்புச் சுவர் கட்டுங்கள், சந்தியில் பஸ் ஒதுங்கி நிற்க இடம் செய்யுங்கள். அந்த வேலைக்கெல்லாம் நாங்களும் கையெழுத்து வைக்கிறோம். ஆனால் முதல் காசு பஸ்ஸுக்கு. காலை ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில் மஸ்கெலியா பக்கமும் பொகவந்தலாவை பக்கமும் நேரம் தவறாத பஸ்கள், பிள்ளைகளுக்குச் சிசுசெரிய, பின்னேரம் ஹட்டனில் ரயில் வந்த பிறகு புறப்படுகிற பஸ். 1884இலிருந்து ஹட்டனுக்கு ரயில் வருகிறது. அதில் இறங்கி வருகிற நம் ஆட்கள் இன்றைக்கும் த்ரீவீலுக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து இரண்டு வாரத்துக்கு, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, நிறுத்தியதா, எத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனது என்று கொப்பியில் எழுதப் போகிறோம். உங்கள் டிவிஷனில் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிடுகிற தாய்மாரும் எழுதித் தாருங்கள். ஜும்ஆவுக்கு வரும்போது பள்ளி வாசலில் கொடுத்தாலும் சரி, கோயிலடியில் எங்கள் டீச்சர்மாரிடம் கொடுத்தாலும் சரி. அந்தக் கொப்பியோடுதான் அதிகாரிகளைப் பார்க்கப் போகிறோம்.