குட்டி யானைக்கு டயர் வாங்குமுன்

மாங்காட்டிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். குடிநீர்க் கேன்களை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் சிறு சுமைவண்டி ஒன்று அவருக்கு உண்டு. நான்கு சக்கரங்களிலும் டயர்கள் தேய்ந்துவிட்டன. எதை வாங்கினால் மலிவாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் இருக்கும் என்று வினவியுள்ளார். குடும்ப வாழ்வைப் பற்றிப் பேசும் இப்பகுதியில் டயருக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். ஒரே வண்டியின் வருவாயில் அடுப்பெரியும் இல்லங்கள் நம் பங்குகளில் எத்தனை என்பதை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

அன்றியும், திருப்பீடமே இப்பொருளைச் சிறிதென்று தள்ளிவிடவில்லை. 2007 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், குடிபெயர்ந்தோருக்கும் பயணிகளுக்குமான திருப்பீட அவை சாலை மேய்ப்புப்பணி குறித்து ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. அதில் ஓட்டுநருக்கென்றே பத்துக் கட்டளைகள் உள்ளன. கொலை செய்யலாகாது என்பதே அவற்றில் முதலாவது. மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாவதாக நாம் மனப்பாடம் செய்த கட்டளை, சாலைக்கு வந்ததும் முதலிடத்துக்கு ஏறிவிட்டது!

கடைக்குச் செல்லுமுன் பழைய டயரை ஒருமுறை உற்று நோக்குமாறு அன்பரை வேண்டுகிறோம். அது எதனால் மாண்டது என்பதை அதன் முகமே சொல்லிவிடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று அளவுக்கு மீறி அடைக்கப்பட்டிருந்தது எனலாம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மேடாக நின்றால், காற்றுக் குறைவாக ஓடியது அல்லது சுமை மிகுந்தது. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நேர்க்கோட்டில் இல்லை. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் புதிய டயரைப் பூட்டினால், அதுவும் அவ்வழியே போய்ச் சேரும். பணத்தை ஓட்டைப் பானையில் ஊற்றியதற்கு ஒப்பாகும்.

இனி வாங்குவதைப் பார்ப்போம். 2005 ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் 'ஏஸ்' என்னும் சிறுவண்டியைக் கொணர்ந்தனர். நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று அழகாகப் பெயர் சூட்டினர். அதன் டயரின் பக்கச்சுவரில் 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். என்று பொறிக்கப்பட்டிருக்கும். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம், ஆர் என்பது ரேடியல், 12 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம், எல்.டி. என்பது இலகு சுமைவண்டிக்கு உரியது என்பதன் சுருக்கம். 8 பி.ஆர். என்பது வலிமையின் அளவு. முற்காலத்தில் பருத்தி நூலடுக்குகளை எண்ணிச் சொன்ன கணக்கு அது. இன்று உள்ளே எட்டு அடுக்குகள் இருப்பதில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அருகிலேயே 86/84 போன்றதோர் எண்ணும் இருக்கும். கடையில் பலரும் கவனியாமல் விடுவது இதைத்தான். 86 என்பது, உரிய காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் 530 கிலோ தாங்கும் என்பதன் குறி.

ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கூறுகிறோம்? சிறு கார்களுக்கும் 12 அங்குலச் சக்கரம் உண்டு. 145/80 ஆர் 12 என்னும் கார் டயர் பார்வைக்கு ஏறத்தாழ அதே உருவம், விலையில் குறைவு, குட்டி யானையின் சக்கரத்திலும் பொருந்திவிடும். ஆனால் அதன் எண் 74, அதாவது 375 கிலோ. நான்கு டயர்களுக்கும் சேர்த்து 1500 கிலோதான். குட்டி யானை தனக்கு அனுமதிக்கப்பட்ட முக்கால் டன் சுமையை ஏற்றி நிற்கும்போதே மொத்த எடை 1600 கிலோவைத் தொட்டுவிடும். சட்டப்படி ஏற்றிய சுமையையே தாங்க இயலாத டயரை, சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பூட்டுவது எத்தகைய சிக்கனம்? சுமையில் பெரும்பங்கு பின்சக்கரங்களின் மேல் விழுவதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சரியான டயரை வாங்கிவிட்டால் எவ்வளவும் ஏற்றலாம் என்று எண்ணுவோரும் உண்டு. நம் அன்பரின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். இருபது லிட்டர் கேன் ஒன்று, கேனின் எடையும் சேர்ந்து, ஏறக்குறைய 21 கிலோ. முப்பத்தைந்து கேன்களிலேயே முக்கால் டன் நிறைந்துவிடும். ஆனால் கோடைக் காலையில் குமணன்சாவடிக்கும் குன்றத்தூருக்கும் இடையே ஓடும் வண்டிகளில் கேன்கள் இரண்டு அடுக்காக நிற்பதை நாம் காண்கிறோம். அறுபது கேன்கள் ஏறினால் 1260 கிலோ. வண்டியின் சொந்த எடை ஏறக்குறைய 850. ஓட்டுநரும் கேன் இறக்கும் பையனும் சேர்ந்து 130. மொத்தம் 2240 கிலோ. சரியான நான்கு டயர்களும் தாங்கவல்லது 2120. சுமை மிகும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. அதனால் வெப்பம் ஏறுகிறது. வெளிவட்டச் சாலையில் வேகமும் கோடை வெயிலும் சேர்ந்தால் வெடிக்கிறது. 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் மிகைச் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தை முதலாளி கட்டிவிடுவார். வெடித்த டயருக்கு மேலே அமர்ந்திருப்பவன் பெரும்பாலும் நாட்கூலி ஓட்டுநன். இரு நடையில் கொண்டுசெல்லக் கூடியதை ஒரே நடையில் ஏற்றச் சொல்வது யார் என்பதை வண்டி உடைமையாளர் தம் மனச்சான்றிடம் கேட்டுக்கொள்ளட்டும். நம் வண்டிகளின் கண்ணாடியருகே புனித கிறிஸ்தோபரின் படம் இருப்பதுண்டு. தோளில் ஏற்றிய குழந்தை ஆற்றின் நடுவே கனத்துக்கொண்டே போனதாக அவரைப் பற்றிய மரபுக்கதை கூறும். அவருக்குச் சுமையின் அருமை தெரியும்!

நைலான் டயரா, ரேடியலா என்பது அடுத்த வினா. நைலான் மலிவு, கரடுமுரடான இடத்தில் பக்கவாட்டு வெட்டுகளைச் சற்றுப் பொறுக்கும். ரேடியல் குறைவாகச் சூடேறும், நெடுநாள் உழைக்கும், எரிபொருளையும் மிச்சப்படுத்தும். தார்ச்சாலையில் நாளெல்லாம் ஓடும் வண்டிக்கு ரேடியலே தக்கது என்பது நம் கருத்து. ஒரே அச்சில் இரண்டையும் கலப்பது மட்டும் ஒருபோதும் ஆகாது. கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் உண்டெனில், ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. ட்யூப் உள்ள சக்கரமாயின் புதிய டயருடன் புதிய ட்யூபும் வாங்க வேண்டும். நீண்டு தளர்ந்த பழைய ட்யூப் உள்ளே மடிந்து கிழியும்.

பழைய டயருக்குப் பட்டன் ஒட்டி ஓட்டலாமே என்பர் சிலர். அதை நாம் இழிவாகக் கருதவில்லை. திருவொற்றியூரில் 1946 இல் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1952 இல் இறங்கியது இந்தப் பட்டன் ரப்பர் தொழிலில்தான். புது டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். ஆலை 1961 இல்தான் எழுந்தது. அரசுப் பேருந்துகளும் இம்முறையை நெடுங்காலமாகக் கையாள்கின்றன. ஆனால் பெரிய டயருக்குக் கிடைக்கும் இலாபம் பன்னிரண்டு அங்குலச் சிறு டயருக்குக் கிடைப்பதில்லை. முன்சக்கரத்தில் அதைப் பூட்டுதல் கூடவே கூடாது. வழுக்கையான டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகக் கோடு வெட்டி விற்பதோ வேறு கதை. அது வெறும் ஏமாற்று. காசு கொடுத்து ஆபத்தை வாங்குவதாகும்.

நான்கு டயரும் வாங்கப் பணம் திரளும்வரை பழையதை ஓட்டலாமா? மோட்டார் வாகன விதிகளின்படி பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் இருக்கும்; தேய்ந்து தேய்ந்து டயர் அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் காலம் முடிந்தது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேங்கும் நீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களே. ஆகையால் புரட்டாசிக்குள் மாற்றிவிடுவது நலம். இதற்கென வட்டிக்கு வாங்குவதைவிட, நடை ஒன்றுக்குச் சிறு தொகையாக இல்லத்தரசியிடம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். டயர் சொல்லிக்கொண்டு தேய்வதால், எப்போது மாற்ற நேரும் என்பதை முன்னரே அறியலாம்.

கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், 2009 ஆம் ஆண்டு ஆணையின் வழியே அது கட்டாயமாயிற்று. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் தனியே இருக்கும். 2324 எனில் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம் செய்யப்பட்டது. தள்ளுபடி விலையில் தருவது பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த சரக்காகவும் இருக்கலாம். ரப்பர் ஓடாமலே முதுமை எய்தும். ஸ்டெப்னியையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒரு கிலோமீட்டரும் ஓடாதது என்று பெருமைப்படும் ஸ்டெப்னி வெடிப்புக் கண்டிருப்பதுண்டு. பூட்டிய மறுநாள் சக்கர நட்டுகளை மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். காற்றை விடியற்காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். அளவு வண்டியுடன் வந்த கையேட்டில் உள்ளது.

கழற்றிய டயர்களை வீட்டு மாடியில் சேர்த்து வைப்பது நம்மவர் வழக்கம். மழைநீர் தேங்கி டெங்குக் கொசு பெருகுவது அவற்றில்தான். போகியன்று தெருவில் கொளுத்துவதோ இன்னும் கொடிது. 2018 போகிப் புகைமூட்டத்தால் மாங்காட்டுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. பழையவற்றைக் கடைக்காரரிடமே விட்டு, அதற்குரிய தொகையைப் புது டயரின் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.