தப்பினவைக்கு மட்டும் ஒரு கடவுளா?

விடுமுறைக்குப் போன குடும்பம் ஒன்று நடுவானில் சாவைக் கண்டுவிட்டு உயிரோடு தரை இறங்கினால், அவர்கள் வாயில் வருகிற முதல் வசனம் அநேகமாக "கடவுள்தான் எங்களைக் காப்பாற்றினவர்" என்பதாகத்தான் இருக்கும். கேட்கிற ஆட்கள் உடனே இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பகுதி கையெடுத்துக் கும்பிடும். மற்றப் பகுதி, "அப்ப பைலட் என்ன சும்மாவா இருந்தவர்?" என்று நக்கலடிக்கும். எங்களுக்குள்ளும் கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறோம், போகாதவர்களும் இருக்கிறோம். ஆனால் இந்த இரண்டு பகுதியிலும் போய் நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதைத்தான் கதைக்கப் போகிறோம்.

2001 ஓகஸ்ட் 23 இரவு, கனடாவின் ரொறொன்ரோவிலிருந்து போர்த்துக்கலின் லிஸ்பனுக்கு எயார் ட்ரான்சாட் 236 புறப்பட்டது. கோடை விடுமுறைக் காலம். 293 பயணிகள், 13 பணியாளர்கள். அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலே வைத்து எரிபொருள் கசியத் தொடங்கியது. முதலில் வலது எஞ்சின் நின்றது. 13 நிமிடங்களில் இடதும் நின்றது. கீழே கடல், வெளியே இருட்டு. பயணிகள் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, கடலில் இறங்குவதற்குத் தயாராக இருந்தார்கள். எஞ்சினே இல்லாமல் ஏறக்குறைய 19 நிமிடங்கள் மிதந்துவந்த அந்த எயார்பஸ், அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் லாஜெஸ் விமானத்தளத்தில் அடிபட்டு இறங்கியது. 18 பேருக்குக் காயம். ஒருவரும் சாகவில்லை.

அந்த 19 நிமிடங்களில் ஒரு குடும்பம் என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு அங்கியைக் கட்டியாகிவிட்டது. சீற் பெல்ற் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு கைக்கு வேலை இல்லை. ஓடவும் முடியாது, ஒருவரைக் கூப்பிடவும் முடியாது. அந்த இடத்தில் ஒரு தாய் செபம் சொன்னால், தகப்பன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டால், அதைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒன்றும் செய்ய முடியாத நேரத்தில் ஆளை ஆள் பிடித்துக்கொண்டிருக்க அவர்களிடம் இருந்த ஒரே மொழி அது. பயத்தில் அலறுகிற பிள்ளையிடம் போய் வானூர்தி இயக்கவியல் விளங்கப்படுத்த ஏலாது. அந்த நம்பிக்கை மரியாதைக்குரியது. இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

பிரச்சினை தரை இறங்கின பிறகுதான் தொடங்குகிறது. "அற்புதம்" என்று சொல்லி எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். போர்த்துக்கல் விசாரணையாளர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பறப்புக்குச் சில நாட்களுக்கு முன்னர் அந்த விமானத்தின் வலது எஞ்சினை மாற்றியிருந்தார்கள். மாற்றும்போது, ஒன்றோடொன்று பொருந்தாத பாகங்களைச் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். இரண்டு குழாய்களுக்கு நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி இல்லாமல் போய், ஒன்றோடு ஒன்று உரசி, எரிபொருள் குழாய் வெடித்துப்போயிருந்தது. அதோடு, கசிகிறது என்று உணராமல் விமானிகள் குறுக்கு வால்வைத் திறந்தபடியால் மற்றப் பக்கத்து எரிபொருளும் அதே ஓட்டையால் போனது. எஞ்சின் இல்லாத விமானத்தை இறக்கிய திறமையும் அதே விமானிகளுடையதுதான். 2004 இல் வந்த விசாரணை அறிக்கை இவை எல்லாவற்றையும் எழுதி வைத்தது. குறுக்கு வால்வைத் திறக்க முதல் கசிவு இல்லை என்பதை உறுதிப்படுத்த வேண்டும் என்று விமானக் கையேடு மாறியது. கசிவை எச்சரிக்கும் வகையில் கணினி அமைப்பும் திருத்தப்பட்டது. பிறகு அதே ரக விமானங்களில் ஏறிய எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆனால் அவர்களின் பாதுகாப்பிலும் அந்த அறிக்கைக்கு ஒரு பங்கு இருக்கிறது.

"அற்புதம்" என்ற சொல் இன்னொன்றையும் மூடிவிடுகிறது. அந்த விமானத்தில் தேனிலவுக்குப் போய்க்கொண்டிருந்த மார்கரெட் மக்கினன் என்பவர் ஓர் உளவியலாளர். பிற்காலத்தில் தன்னோடு பயணித்த சிலரை வைத்தே அவர் ஆய்வு செய்தார். வருடங்கள் கடந்தும் அந்த நிமிடங்கள் அவர்களின் நினைவில் அச்சொட்டாக இருந்தன. அதிர்ச்சியின் பாதிப்பைச் சுமந்துகொண்டிருந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். இப்படிப்பட்ட ஒருவரிடம் "உயிர் தப்பினனீ, கடவுளுக்கு நன்றி சொல்லிப்போட்டுப் பேசாமல் இரு" என்று சொன்னால், அவர் அழுவதற்கும் உரிமையில்லாமல் போகிறது.

ஆனால் எங்களை அதிகம் உறுத்துகிற கேள்வி எங்கட நாட்டிலேயே கிடக்கிறது. 1974 டிசெம்பர் 4, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரைக்குப் புறப்பட்ட மார்ட்டின்எயார் விமானம் ஒன்று கொழும்பில் தரித்துப் போவதற்காக வந்துகொண்டிருந்தது. தாங்கள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, பதிய இறங்கி, மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதினார்கள். 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. நோட்டன் பிரிட்ஜில் இன்றும் அதற்கு நினைவிடம் இருக்கிறது. நான்கு வருடங்கள் கழித்து, 1978 நவம்பர் 15, ஹஜ் முடித்து ஊர் திரும்பிய யாத்திரிகர்களோடு வந்த ஐஸ்லாந்து விமானம் ஒன்று கட்டுநாயக்காவில் இறங்க முதல் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். 79 பேர் தப்பினார்கள்.

இரண்டாவதை ஒருதரம் நிதானமாக யோசிப்போம். பயணிகள் ஒரே யாத்திரை போனவர்கள். ஒரே மக்காவில் நின்று தொழுதவர்கள். ஒரே விமானத்தில் ஏறினவர்கள். இதில் 79 பேரின் விசுவாசம் பலமானது, 183 பேரின் விசுவாசம் போதாது என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைக் கொண்டுவாருங்கள் பார்ப்போம். ஒருவரும் அப்படி நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் "நாங்கள் விசுவாசித்தபடியால்தான் தப்பினோம்" என்கிற சாட்சியம், சொல்கிறவர் நினைக்காமலேயே, அதைத்தான் சொல்லிவிடுகிறது.

இது விமானக் கதை மட்டும் இல்லை. 2004 டிசெம்பர் 26 இற்குப் பிறகு எங்கட கரையோரங்களில் இந்த வசனத்தைக் கேட்காத ஆட்கள் குறைவு. பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகளையும் கடல் கொண்டுபோன ஒரு தாய் இருக்க, இந்த வீட்டில் "எங்களைச் சாமி கைவிடேல்லை" என்பார்கள். அந்தத் தாயையும் அதே சாமி கைவிட்டதா? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் செத்தவர்கள் தேவாலயத்துக்குப் போன இடத்தில்தான் செத்தார்கள். அவர்களின் குடும்பங்களுக்கு முன்னால் இந்த வசனத்தை எந்த வாயால் சொல்வது?

நம்பிக்கையை விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்கட சனத்துக்கு இதில் ஒரு பழைய தெளிவு இருக்கிறது. ஏ9 வீதியால் போகிற பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைத்துக் கும்பிடுவார். ஆனால் தேங்காய் உடைத்தபடியால் இனி பிரேக் பார்க்கத் தேவையில்லை என்று எந்தச் சாரதியும் நினைப்பதில்லை. அப்படி நினைக்கிற ஆளின் பஸ்ஸில் நாங்கள் ஏறவும் மாட்டோம். பஸ் பிரண்டால், "விதி" என்று சொல்லி விட்டுவிடாமல் பிரேக்கையும் ரயரையும் சாரதி எத்தனை மணித்தியாலம் ஓடினார் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வி கடவுளுக்கு எதிரானது இல்லை. அடுத்த பஸ்ஸில் வரப்போகிற சனத்துக்காகக் கேட்பது அது.

ஆகவே தப்பி வந்த குடும்பம் நன்றி சொல்லட்டும். நேர்த்தி வைத்திருந்தால் தீர்க்கட்டும். நாங்களும் கூடப்போய்ப் பொங்கலுக்கு விறகு பொறுக்கிக் கொடுப்போம். கேட்பது ஒன்றுதான். "கடவுள் எங்களைக் காப்பாற்றினவர்" என்று சொல்ல முதல், கட்டுநாயக்காத் தென்னந்தோட்டத்தில் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு நோகாமல் சொல்லக்கூடிய நன்றியாக இருந்தால், தாராளமாகச் சொல்லுங்கள்.